முதல் நேர்காணலுக்குப் போகும் டாக்டர்களுக்கு

ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு முடிந்தது, மருத்துவ கவுன்சில் பதிவும் ஆயிற்று. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. தேர்வு வரும்வரை பலரும் போய் நிற்பது தனியார் மருத்துவமனையின் டூட்டி டாக்டர் பணிக்குத்தான். அங்கே எதிரே இருப்பவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: ‘இவரை நம்பி ராத்திரி நான் வீட்டுக்குப் போகலாமா?’ எதிர்ப்பக்க நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. கோப்பை முந்தைய நாளே அடுக்குங்கள். பட்டச் சான்றிதழ், சி.ஆர்.ஆர்.ஐ. முடித்த சான்றிதழ், நிரந்தரப் பதிவுச் சான்றிதழ் மூன்றும் முக்கியம். தற்காலிகப் பதிவு பயிற்சிக் காலத்துக்கு மட்டுமே. அதை வைத்துத் தனியாக டூட்டி பார்க்க முடியாது. ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். ‘ஒரிஜினல் எங்களிடமே இருக்கட்டும்’ என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

2. தனியாகச் செய்தவை, சீனியர் பக்கத்தில் நிற்கச் செய்தவை, பார்க்க மட்டும் செய்தவை என்று மூன்று பட்டியல் போடுங்கள். இன்டுபேஷன் எந்தப் பட்டியலில், சென்ட்ரல் லைன் எந்தப் பட்டியலில் என்று தெளிவாகச் சொல்பவரை நம்பலாம். ‘எல்லாம் தெரியும் சார்’ என்பவரிடம்தான் இன்னும் நாலு கேள்வி கேட்கத் தோன்றும்.

3. ஹாரிசனை மறுபடி புரட்ட வேண்டாம். கேஷுவாலிட்டியில் முதல் 10 நிமிடத்தைப் படியுங்கள். நெஞ்சுவலி என்றால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. ஊசி போட்டதும் மூச்சுத் திணறி பி.பி. இறங்கினால், பெரியவர்களுக்குத் தொடையில் தசைவழி அட்ரினலின் 0.5 மி.கி.; அவில், டெக்சா எல்லாம் அதற்குப் பிறகுதான். பாம்புக்கடி என்றால் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. விஷமுறிவு மருந்து தேவைப்பட்டால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் எதுவரை என்று கேட்பார்கள். கண்பாவையைப் பார்த்து மட்டும் நிறுத்துவதில்லை, நெஞ்சில் சளிச்சத்தம் அடங்க வேண்டும். பதிலை வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள்: முதலில் என்ன செய்வேன், நர்ஸிடம் என்ன கேட்பேன், சீஃபை எப்போது கூப்பிடுவேன்.

4. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘தேவைப்பட்டால் கூப்பிடுவேன்’ என்பது பதிலே இல்லை. ‘திரவம் ஏற்றியும் பி.பி. ஏறவில்லை, நினைவு மங்குகிறது, என் கைக்குப் பழக்கமில்லாத வேலை வந்துவிட்டது. இந்த மூன்றில் எதுவானாலும் இரவு 2 மணி என்று பார்க்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள்.

5. சட்டமும் கேட்பார்கள். விபத்தில் அடிபட்டவருக்குச் சிகிச்சை முதலில், போலீஸ் நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஏ.ஆர். எண்ட்ரி, போலீஸ் தகவல் இரண்டையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கட்டாயம். உயிரில்லாமல் கொண்டுவரப்பட்டவருக்கு, சொந்தக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், காரணம் தெரியாமல் இறப்புச் சான்றிதழ் எழுதக்கூடாது.

6. நீட் பி.ஜி. படிக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள். அவர்களுக்கும் தெரியும். எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

7. சட்டை இஸ்திரி போட்டதாக இருக்கட்டும். போன் அணைந்திருக்கட்டும். அவ்வளவுதான்.

8. நீங்களும் கேளுங்கள். இரவில் எத்தனை படுக்கைக்கு ஒரு டாக்டர்? ஐ.சி.யூ.வும் அவர் தலையிலா? 24 மணி நேர டூட்டிக்கு மறுநாள் ஓய்வு உண்டா? ரத்தம் எங்கிருந்து வரும்? கூட்டம் சேர்ந்து சண்டைக்கு வந்தால் யார் முன்னால் நிற்பார்கள்? தமிழ்நாட்டில் 2008 முதல் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் நடுராத்திரியில் வாசலில் நிற்க வேண்டியது காவலாள். பாண்ட் உண்டா, தொழில்முறைக் காப்பீடு யார் எடுப்பது என்பதையும் கேளுங்கள்.

9. சம்பளம் பேசக் கூச்சம் வேண்டாம். தொகை, டூட்டி நேரம், நோட்டீஸ் காலம் மூன்றும் எழுத்தில் வரட்டும்.

10. இரண்டு இடத்தில் வேலை கிடைத்தால், அங்கே இப்போது டூட்டி பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘ராத்திரி கூப்பிட்டால் சீஃப் போன் எடுப்பாரா?’ எடுப்பவரிடம் போய்ச் சேருங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, முதல் வருடம் தொழில் கற்றுக்கொள்வது அந்த போனில்தான்.