பெட்ரோலா, டீசலா: தம்பி மகனுக்கு ஒரு கடிதம்

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை.

  கோயம்புத்தூரில் உன் அலுவலக வேலை நல்லபடியாக முடிந்து, சொன்னபடி செவ்வாய்க்கிழமை நீ ஊர் திரும்புவாய் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் நீ என்னை அழைத்துக்கொண்டு போய் அந்த இரண்டு பழைய கார்களையும் காட்டியபோது, நான் இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிட்டது உனக்கு மனக்குறையாக இருந்திருக்கும். தரகரை எதிரில் வைத்துக்கொண்டு அபிப்பிராயம் சொல்வது வியாபாரத்துக்கு உகந்ததல்ல என்பது ஒரு காரணம். நான் சொல்ல வேண்டியது தெருவில் நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக இல்லை என்பது மற்றொரு காரணம். நேற்று மாலை மருமகள் வந்திருந்தபோது, தரகர் தினமும் இரண்டு மூன்று தடவை போன் செய்து முன்பணம் கேட்பதாகவும், டீசல் காரையே முடித்துவிடலாம் என்று நீ ஏறக்குறைய தீர்மானித்துவிட்டதாகவும் சொன்னாள். அதனால்தான், நீ வந்து சேருவதற்குள் உன் கையில் கிடைக்கட்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டும் 2017இல் பதிவான ஸ்விஃப்ட் கார்கள். பெட்ரோல் வண்டி 48,000 கிலோமீட்டர் ஓடியது, விலை நான்கு லட்சத்துப் பத்தாயிரம்; டீசல் வண்டி 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, விலை நான்கு லட்சத்து எழுபத்தையாயிரம். பெட்ரோலை விட டீசல் லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய் மலிவு, அதன்மேல் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகவும் ஓடும், ஆகவே அதிகம் கொடுக்கும் அறுபத்தையாயிரம் எப்படியும் திரும்பிவிடும் என்பது உன் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நீ மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறாய் என்ற எண் அதில் எங்குமே இல்லை.

டீசலின் மேல் எனக்குத் துவேஷம் இருப்பதாக நீ நினைத்துவிடக் கூடாது. நம் குடும்பம் டீசலின் உப்பைத் தின்று வளர்ந்த குடும்பம். ஆவடி எஞ்சின் தொழிற்சாலை 1987இல் தொடங்கியபோது அங்கே சேர்ந்தவன் நான். டி-72 டாங்கிக்கு வேண்டிய பன்னிரண்டு சிலிண்டர், 780 குதிரைசக்தி எஞ்சின் சோதனை மேடையில் ஏற்றப்பட்டு, முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு முழங்குவதைக் கேட்டுக்கேட்டு என் காதும் மனமும் பழகியவை. அந்த மேடையருகே நின்றுதான் டீசல் எஞ்சினின் சுபாவத்தை நான் கற்றுக்கொண்டேன்: பாரம் ஏற ஏற, சூடு நிலைக்க நிலைக்க, அது சுத்தமாக மூச்சு விடும், பாரமில்லாமல், சூடேறாமல் வெறுமனே ஓடவிட்டால் புகையும் கரியும் அதன் வயிற்றிலேயே படியும்.

அதன் காரணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைப் பத்துப் பங்கு அளவுக்கு அழுத்தி, பிளக்கின் பொறியால் கொளுத்துகிறார்கள். டீசலில் பொறியே கிடையாது. வெறும் காற்றைப் பதினாறு பதினேழு பங்கு அழுத்தி, அந்த அழுத்தத்தால் பிறக்கும் உஷ்ணத்திலேயே எண்ணெயைப் பீய்ச்சி எரியவைப்பது ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியரின் யோசனை; 1897இல் அவர் அதை நடத்திக் காட்டினார். 1900ஆம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் அப்படிப்பட்ட ஒரு சிறிய எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டினார்கள் என்று படித்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனிப்பிரியம். அழுத்தம் அதிகம் என்பதால் எண்ணெயிலிருந்து அது கூடுதல் வேலை வாங்குகிறது. வெப்பத்தை வீணாக்குவதும் குறைவு. அந்தக் குணமே சிறு தூர ஓட்டத்தில் அதற்குப் பாதகமாகிவிடுகிறது. வீணாகும் வெப்பம் குறைவு என்றால், எஞ்சின் சூடேறப் பெட்ரோலை விட அதிக நேரம் பிடிக்கும் என்று அர்த்தம். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டி ஒரு நாளும் தன் உரிய சூட்டை எட்டுவதில்லை. புகையின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அப்பிக்கொள்ளும். பிறகு டர்போ, பிறகு இன்ஜெக்டர் என்று வியாதி பரவும். பெட்ரோல் காரில் ஒரு பிளக் மாற்றும் செலவு சில நூறு ரூபாய். டீசல் காரின் இன்ஜெக்டர்களைக் கழற்றினால் செலவு ஆயிரங்களில்தான் ஆரம்பமாகும். எண்ணெயை ஆயிரத்துச் சொச்சம் மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் பீய்ச்சுகிற அவ்வளவு நுட்பமான உறுப்பு அது.

இதெல்லாம் தெரிந்தவனாகிய நானே 2012இல் ஒரு பழைய டீசல் காரை வாங்கினேன் என்பது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாட்டைச் சர்க்கார் 2010இலேயே நீக்கிவிட்டு, டீசலுக்கு மட்டும் மானியம் கொடுத்துவந்ததன் விளைவு அது. அந்த முப்பது ரூபாய் என் கண்ணை மறைத்துவிட்டது. வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். வாரம் ஒரு தடவை ஆவடி மார்க்கெட். இரண்டாவது வருஷம் இஜிஆர் வால்வு அடைத்தது, அதை அடுத்து டர்போ போயிற்று, கிளட்சும் இன்ஜெக்டரும் சேர்ந்து எழுபதாயிரம் ரூபாய் கரைந்தது. இதற்கிடையில் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியதால் நான் நம்பியிருந்த வித்தியாசமும் சுருங்கிப்போயிற்று. மறுவருஷம் வந்த விலைக்கு அந்த வண்டியைத் தள்ளிவிட்டேன். சோதனை மேடையில் இருபத்தைந்து வருஷமாகக் கண்ட உண்மையை என் சொந்த வண்டி விஷயத்தில் யோசிக்காமல் விட்டேனே என்ற தாபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அந்தத் தவறு உன் கையாலும் நடந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி உன் ஓட்டத்தைப் பார்ப்போம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நீ காரில் போகப்போவதில்லை. இந்து காலேஜ் ஸ்டேஷனில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிற தூரம், காலை நேரத்து சி.டி.எச். ரோட்டில் ஆவடியைத் தாண்டுவதற்குள் ரயிலில் நீ ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடுவாய். ஆகவே குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவருவது, ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூருக்கு உன் மாமனார் வீடு, மாதம் ஒரு தரம் செய்யாறு போய் உன் அப்பா அம்மாவைப் பார்த்துவருவது ஆகியவைதான் இந்தக் காருக்கு வேலை. செய்யாறு போகவர ஏறக்குறைய இருநூறு. மற்றவையெல்லாம் சேர்த்தால் மாதம் நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வராது. நம் ஊர் பங்கில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். நெரிசலில் பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினைந்தும், டீசல் கார் இருபதும் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் சொச்சம் மிச்சம். மாதத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவு. வருஷத்துக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு. டீசலுக்குக் கூடுதலாக ஆகும் சர்வீஸ் செலவு வருஷத்துக்கு ஐயாயிரம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், நீ அதிகமாகக் கொடுக்கும் அறுபத்தையாயிரம் திரும்பிவரப் பத்து வருஷம் பிடிக்கும். வண்டியின் பதினைந்து வருஷப் பதிவோ 2032இல் முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அறுநூறு ரூபாயாக இருந்த அதன் கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரம் ஆகிவிட்டது. கிடைக்காத லாபத்துக்காக நீ இன்றைக்கே ரொக்கம் கொடுக்கப் பார்க்கிறாய், தம்பி.

உன் இடத்தில், நெமிலிச்சேரியில் ஏறி நானூறு அடி ரோட்டிலேயே வண்டலூர் போய், அங்கிருந்து மறைமலைநகர் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வரும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டிருந்தால், தயங்காமல் டீசலை வாங்கச் சொல்லியிருப்பேன். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த அறுபத்தையாயிரம் பதினாறு மாதத்தில் வசூலாகிவிடும். எஞ்சினும் தனக்குப் பிடித்த நீண்ட சாலையில் சூடாக ஓடி ஆரோக்கியமாக இருக்கும். அந்த டீசல் வண்டி 1,12,000 ஓடியிருப்பதைக் கண்டு நான் பயப்படவில்லை. எட்டு வருஷத்து டீசல் கார் நாற்பதாயிரம்தான் ஓடியது என்று காட்டினால்தான் சந்தேகிக்க வேண்டும்: ஒன்று மீட்டரைத் திருப்பியிருப்பார்கள், அல்லது நான் செய்ததைப்போல் தெருவுக்குள்ளேயே ஓட்டிக் கரி அடைத்திருப்பார்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதையும் நீ மறந்துவிடாதே. உதிரிபாகம் இன்றைக்குக் கிடைக்கிறது. ஆனால் நீ விற்கப்போகும் காலத்தில் வாங்க வருகிறவன் இதைச் சொல்லித்தான் விலையை இறக்குவான். 2020க்குப் பிந்திய வேறு கம்பெனியின் டீசல் கார் பார்க்கலாமே என்றும் உனக்குத் தோன்றக்கூடாது. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த அந்த டீசல்களில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை வேகம் வேண்டும். பள்ளிக்கூட வாசலில் அந்த வேகம் ஏது?

பெட்ரோல் காருக்கும் குறை இல்லாமலில்லை. இப்போது பங்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள்தான் அதற்கென்று தயாரானவை. 2017 வண்டியில் மைலேஜ் சற்றுக் குறையும். பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் வாஷர்களையும் மெக்கானிக்கிடம் காட்டி, வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும். அது சிறிய செலவு. நான் பெரிதாகப் பயப்படுவது தண்ணீருக்கு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றதை நீயே பார்த்தாய். முழுகிய காரைக் கழுவித் துடைத்து, வாசனை தெளித்து விற்கிறவர்கள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து, உள்முனையில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், கால்மிதியின் கீழுள்ள தகரத்தையும், ஃபியூஸ் பெட்டியையும் பார். சேறும் துருவும் அங்கே கண்டால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல அவசியமில்லை, நீ படித்தவன். ஆர்சி புத்தகத்தில் பாங்குக் கடன் பதிவு இருந்தால், பாங்கின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35உம் கையில் வராமல் பணம் கொடுக்காதே. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிவிட்டோமே என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதே. இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றச் சொல்லிவிடு. வண்டி நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் விவரம் சொல்வார்கள். 48,000 என்பது மெய்யா என்று அங்கே தெரிந்துவிடும்.

என் முடிவு இதுதான்: இரண்டில் பெட்ரோல் கார்; அதுவும் தண்ணீர் படாத வண்டி என்று தெரிந்தால் மட்டும். அதில் குறை தென்பட்டால் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் ஒரு மாதம் பொறுத்திரு.

செவ்வாய்க்கிழமை நீ வந்து இறங்கியதும் தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதற்கு முன் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று மட்டும் அவரிடம் சொல்லிவை. போனவுடன் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினின் மேல் கை வைத்துப் பார்க்கப்போகிறேன். குளிர்ந்திருந்தால்தான் சாவியைப் போடுவோம். ஆறு மணிக்குப் போய்ச் சேர ஐந்தரைக்கு என் வாசலில் இரு.

அன்புள்ள,
பெரியப்பா