ஆனிங் வாங்கப் போறீங்களா? முதல்ல சுவரைப் பாருங்க!

"நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? வாசலுக்கு ஆனிங் போடலாம்னு இருக்கோம், எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு." வீட்ல இப்படிக் கேட்டா என்ன சொல்வீங்க? துணி, கலர், ரிமோட் பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிடுவார். நாம பார்க்க வேண்டியது, மொத்தத்தையும் தாங்கப்போற போல்ட்டை. முதலாமாண்டு மெக்கானிக்ஸ் போதும், வாங்க.

எப்படி வேலை செய்யுது?

சுவரில் ஒரு உருளை, அதில் சுற்றிய துணி. முழங்கை மாதிரி மடங்கும் இரண்டு கைகள், அவற்றுக்குள் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் முன்பக்கக் கம்பியை வெளியே தள்ளிக்கிட்டே இருப்பதால்தான் துணி விறைப்பாக நிற்கிறது. முன்னால் தூண் கிடையாது. அதாவது இது ஒரு கேன்டிலீவர். சுமை முழுவதும் சுவர் பிராக்கெட்டுக்குத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

ஆனிங் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 6 சதுர மீட்டர். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி காற்றழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம்.

காற்று விநாடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.) என்றால் அழுத்தம் 60 நியூட்டன்/ச.மீ. மொத்த விசை 360 நியூட்டன். அது சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளிச் செயல்படுவதால் மொமென்ட் 360 நியூட்டன் மீட்டர்.

பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. 360 ÷ 0.15 = 2400 நியூட்டன். இரண்டு பிராக்கெட் என்பதால் ஒவ்வொன்றின் மேல் போல்ட்டையும் 1200 நியூட்டன், ஏறக்குறைய 120 கிலோ எடை, வெளியே இழுக்கும். காற்று கீழிருந்து தூக்கினால் இழுபடுவது கீழ் போல்ட். ஆனிங்கின் சொந்த எடை, வடிவக் குணகம் எதையும் இதில் சேர்க்கலை.

வேகம் இரண்டு மடங்கானா? விசை நான்கு மடங்கு! போல்ட்டுக்கு 4800 நியூட்டன், கிட்டத்தட்ட அரை டன். சென்னைக்கு அதே ஐ.எஸ். தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதைத் தாங்கும்னு நம்பி விரிச்சு வைக்காதீங்க, காற்று கிளம்பினதும் சுருட்டிடணும். ஐரோப்பியத் தரமான இ.என். 13561-ல் இரண்டாம் வகுப்பு என்றாலே சுமார் 38 கி.மீ. காற்று வரைதான்.

எங்கே துளை போடுவது?

கான்கிரீட் பீம் அல்லது லிண்டல் இருந்தா அதுதான் முதல் சாய்ஸ். செங்கல் சுவரில் விரியும் ஆங்கர் போல்ட் கல்லைப் பிளந்துவிடலாம். கெமிக்கல் ஆங்கர் நல்லது. ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் என்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்குவது பாதுகாப்பு. பூச்சுக்கு வலிமை கிடையாது. போல்ட் ஆழத்தை அளக்கும்போது அதைக் கழிச்சிடுங்க. கடலோர வீடா? 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க.

மழையும் வெயிலும்

சாய்வு குறைந்தபட்சம் 14 டிகிரி வேணும், அதாவது 2 மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம். இல்லைன்னா தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. தண்ணீர் நின்றாலே 10 கிலோ! நனைஞ்ச துணியைச் சுருட்டி வச்சா பூஞ்சை பிடிக்கும், மழை விட்டதும் விரிச்சுக் காய விடுங்க.

மேற்குப் பார்த்த வாசலா? சூரியன் நேர் எதிரே 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 2 மீட்டர் ஆனிங்கின் முன்விளிம்புக்குக் கீழே சுவரில் 1.15 மீட்டர்தான் கூடுதல் நிழல் விழும் (2 × டேன் 30). சாயங்கால வெயில் உள்ளே வரத்தான் செய்யும். அங்கே நேராக இறங்கும் திரை வகையே பொருத்தம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. காற்று வகுப்பு என்ன?
2. என் சுவருக்கு எந்த ஆங்கர், எவ்வளவு ஆழம்?
3. கரண்ட் போனா கையால் சுற்றக் கைப்பிடி உண்டா?
4. காற்று சென்சார் உண்டா? வீட்ல ஆள் இல்லாதப்போ சுருட்ட அதுதான் கதி.

இரண்டாவது கேள்விக்கு "அதெல்லாம் ஃபிட்டர் பார்த்துப்பார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்க. அந்த நிழலில் உட்காரப் போறது உங்க அம்மா அப்பா.