களவு, கற்பு நோக்கில் ஒரு பியூரிட்டானிய வரலாற்றுக் காதல் புதினம்

முன்னுரை

ஜான் பன்யன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ (1678) நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இயற்றினார். அதன்வழிப் பன்யன் தமிழ் வாசகர்க்கு அறிமுகமானவர். அவர்தம் இரண்டாம் மனைவி எலிசபெத்தோ அவ்வாறு அறியப்படவில்லை. அவ்விருவர் வாழ்வைத் தழுவி, அமெரிக்க எழுத்தாளர் ஜோடி ஹெட்லண்ட் ‘தி பிரீச்சர்ஸ் பிரைட்’ (2010) என்னும் கிறித்தவ வரலாற்றுக் காதல் புதினத்தைப் படைத்துள்ளார். வரலாறு எலிசபெத்தை எங்கே காண்கிறது, புனைவு எங்கே காண்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பியூரிட்டானியர் மணக்கோட்பாடு

இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த முனைந்த பியூரிட்டானியர், மணத்திற்கு முன் மன இசைவு வேண்டும் என்பதை மறுத்தாரல்லர். எனினும், அன்பை மணவாழ்வில் வளர்க்கவேண்டிய கடமையாகவே அவர்கள் வலியுறுத்தினர். வில்லியம் கௌஜ் 1622-இல் வெளியிட்ட இல்லறக் கடமைகள் பற்றிய நூல், கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவான கடமைகளுள் அன்பையும் வைத்துப் பேசுகிறது. தொல்காப்பிய மரபில் கூறின், அவர்களது அழுத்தம் கற்பின்பாற்பட்டது.

புனைவின் களம்

காதல் புதினமோ மணத்தை நோக்கியே நகரும் இயல்புடையது. ஹெட்லண்டின் கதைமாந்தர் எலிசபெத் விட்பிரெட், மனைவியை இழந்த போதகர் ஜான் காஸ்டினின் தாயற்ற பிள்ளைகளைப் பேண அவர் இல்லத்திற்கு வருகிறார். பன்யன் காஸ்டினாகப் பெயர்மாறுவது புனைவுரிமையைப் புலப்படுத்துகிறது. மறைவொழுக்கம் இன்மையின் இவர்தம் உறவைக் களவு எனல் பொருந்தாது. ஆயினும் மணத்திற்கு முந்தைய அகநிலையே கதையை இயக்குகிறது. பிள்ளை பேணலையும் வீட்டுப்பணியையும் காதலின் நிலைக்களனாக்கியதன் வாயிலாக, கடமையினின்றே அன்பு முகிழ்க்கும் என்னும் பியூரிட்டானிய உணர்வைப் புதினம் தன்வயப்படுத்துகிறது. இதுவே அதன் சிறப்பு.

வரலாறு காட்டும் எலிசபெத்

எலிசபெத்தின் மணத்திற்கு முந்தைய வாழ்வுபற்றிய சான்றுகள் மிகக் குறைவு. வரலாற்றில் அவர் குரல் ஒலிப்பது 1659-இல் நிகழ்ந்த மணத்திற்குப் பின்னரே. 1660 நவம்பரில், அனுமதியின்றிப் போதித்தமைக்காகப் பன்யன் கைதானார். அச்செய்தியின் அதிர்ச்சியால் எலிசபெத்திற்குக் குறைப்பிரசவம் நேர்ந்தது, குழந்தை இறந்தது. 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டில் மேத்யூ ஹேல் உள்ளிட்ட நீதிபதிகள்முன் அவர் தாமே வழக்குரைத்தார். மூத்தாளின் நான்கு பிள்ளைகளுள் ஒருத்தி பார்வையற்றவள் என்பதை எடுத்துரைத்தார். விடுதலைக்காகக் கணவர் போதனையைக் கைவிடமாட்டார் என்பதையும் மறைக்கவில்லை. ஹேல் இரக்கம் காட்டியும் விடுதலை கிட்டவில்லை. பன்யன் 1672 வரை சிறையிலிருந்தார்.

முடிவுரை

சான்றுகள் அருகிய இடத்தைப் புனைவு நிரப்புவது குறையன்று. ஆனால், மணமே நிறைவு எனக் கொள்ளும் வாசிப்பு, நீதிமன்றத்தில் நின்ற எலிசபெத்தைப் போதகரின் மணமகளாக மட்டுமே சுருக்கிவிடும். புதினத்தைப் பன்யனின் சிறைக்குறிப்புகளோடு இணைத்து வாசிக்குங்கால், அவர்தம் காதலின் உரம் கற்பிலேயே வெளிப்பட்டமை தெளிவாகும்.