வெள்ள நிவாரணம்: பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா?



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். குழுவில் கடன் வாங்கி நட்ட பயிர் தண்ணீரில் நிற்கும். வானத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் அரசு தரும் நிவாரணம் கை தவறிப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதப் பாடம் அதுதான்.

எவ்வளவு கிடைக்கும்?

பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான் நிவாரணம். 2015-க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தமிழக அரசு அறிவித்த தொகை:

- நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்: ஹெக்டேருக்கு ரூ.17,000
- மானாவாரிப் பயிர்: ஹெக்டேருக்கு ரூ.8,500
- பல்லாண்டுப் பயிர், மரங்கள்: ஹெக்டேருக்கு ரூ.22,500
- இறந்த பசு, எருமை: ஒன்றுக்கு ரூ.37,500
- ஆடு: ஒன்றுக்கு ரூ.4,000

ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அப்படியானால் நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் ரூ.6,900 வரும். செலவழித்தது முழுக்கத் திரும்பாது. ஆனாலும் அடுத்த விதைக்கும் உழவுக்கும் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்க உதவும். ஒவ்வொரு பேரிடருக்கும் தனி அரசாணை வரும். அதில் உள்ள தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் யாருக்குப் போகும்?

நாற்று நடுவது நாம், களை பறிப்பது நாம். ஆனால் கணக்கெடுக்க வருபவர்கள் பார்ப்பது பட்டாவையும் அடங்கலையும். கணவர் இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா மாமனார் பெயரிலேயே இருக்கும். குத்தகை நிலம் என்றால் வாய்ப்பேச்சோடு சரி. அடங்கலில் நம் பெயர் இல்லையென்றால், பயிர் செய்தவள் நிற்க, பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விடலாம். "அதெல்லாம் ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

மழைக்கு முன்னே செய்ய வேண்டியது

1. நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிர், சாகுபடி செய்வது இன்னார் என்று அடங்கலில் பதியச் சொல்லுங்கள். நகல் வாங்கி வையுங்கள்.
2. பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள்.
3. உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
4. பயிர்க் காப்பீடு வேறு, நிவாரணம் வேறு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நாம் கட்டும் பிரிமியம். வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடியும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

சேதம் நடந்த பின்னே

கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை அலுவலரும் சேர்ந்து கணக்கெடுப்பார்கள். அன்று வயலில் நீங்கள் நில்லுங்கள். தண்ணீர் வடிவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். மாடோ ஆடோ செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தந்த பிறகே புதைக்க வேண்டும்.

பட்டியலில் பெயர் விட்டுப்போனால் வாய்வார்த்தையாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தாசில்தாரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஒருத்தியாகப் போவதைவிடக் குழுவாகப் போனால் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

குழுக் கூட்டத்தில் பேச:

- நம் குழுவில் எத்தனை பேர் பெயர் அடங்கலில் இருக்கிறது?
- குத்தகைக்குப் பயிர் செய்யும் உறுப்பினர்கள் யார் யார்?
- கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க எந்தத் தேதியில், யார் யார் போவது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.