பாடம் 6: ஜன்னல் கண்ணாடியில் விழும் வெடிப்பு

முகாமிலிருந்து வீடு திரும்பியதும் நாம் முதலில் பார்ப்பது கூரையையும் சுவரையும்தான். ஜன்னல் கண்ணாடி கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டுக்கு என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணாடியும் சொல்லும். அதை மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எதைப் பார்ப்பது என்பதே இந்தப் பாடம்.

1. கண்ணாடி ஏன் திடீரென்று உடைகிறது?

தகரத்தை அடித்தால் நெளியும். பலகையை அழுத்தினால் வளைந்து பிறகுதான் முறியும். கண்ணாடிக்கு அப்படி விட்டுக்கொடுக்கும் குணம் மிகக் குறைவு.

கண்ணாடிக் கடைக்காரர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கருவியால் ஒரு கோடு கீறுவார், மெல்ல அழுத்துவார், கண்ணாடி அந்தக் கோட்டிலேயே பிரியும். கீறல் சிறியதுதான், ஆனால் அழுத்தம் முழுவதும் அதன் முனையில் வந்து கூடுகிறது. இங்கிலாந்தின் பொறியியலாளர் கிரிஃபித் 1921இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி நூலைவிட, தலைமுடியிலும் மெல்லிய நூல் அதன் பருமனுக்குச் சுமார் 20 மடங்கு வலிமையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மெல்லிய நூலில் குறைவு என்பதே அவர் சொன்ன காரணம்.

ஆகவே கண்ணாடியின் பலம் அதன் மேற்பரப்பிலும் ஓரங்களிலும் இருக்கிறது. ஓரம் சிதைந்த கண்ணாடி, முழுதாகத் தெரிந்தாலும் பலவீனமானதே.

2. ஈரமும் வயதும்

நல்லதண்ணியில் பனிமூட்டமும் தூறலும் வழக்கமானவை. கண்ணாடியில் கீறல் இருந்தால் ஈரம் அதை இன்னும் பாதிக்கும். காற்றில் ஈரம் கூடும்போது கண்ணாடியில் வெடிப்பு வேகமாக வளர்வதை அமெரிக்க ஆய்வாளர் வீடர்ஹார்ன் 1967இல் அளந்து காட்டினார். இன்று சிறியதாக உள்ள வெடிப்பு, யாரும் தொடாமலே அடுத்த மழைக்காலத்தில் நீளலாம்.

அமெரிக்காவின் லபக் நகரத்தை 1970 மே 11 அன்று சுழல்காற்று தாக்கியது. அதன்பின் அங்குள்ள பல்கலைக்கழகத்தில், பல ஆண்டுகள் கட்டடங்களில் இருந்த கண்ணாடிகளையும் கழற்றி அழுத்திச் சோதித்தார்கள். பழைய கண்ணாடிகள் புதியவற்றைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே உடைந்தன. ஒரே அளவான கண்ணாடிகள்கூட ஒன்றுபோல் உடையவில்லை. பக்கத்துக் காம்பராவின் கண்ணாடி தாங்கியது என்பதால் உங்களுடையதும் தாங்கும் என்று நம்ப முடியாது.

3. வெடிப்பின் வழியைப் பாருங்கள்

• ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் பல கோடுகள் பிரிந்தால், அங்கே கல்லோ கிளையோ பட்டிருக்கும்.

• மூலையிலோ ஓரத்திலோ தொடங்கி நீண்ட கோடாகப் போனால், சட்டம் கண்ணாடியை நெருக்கியிருக்கலாம். ஆணி இறுகினாலும், மழையில் மரச்சட்டம் ஊதினாலும் இப்படி வெடிக்கும். நிலம் நகர்ந்து சுவர் கோணினாலும் இப்படியே வெடிக்கும்.

இரண்டாவது வகையைக் கண்டால் வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவு புதிதாக இறுகுகிறதா? சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு உண்டா? மேட்டில் மண் பிளந்திருக்கிறதா? மரமோ கம்பமோ சாய்ந்திருக்கிறதா? ஊற்று நீர் திடீரென்று கலங்கியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வீட்டில் இரவு தங்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இலக்கத்தில் அழைக்கலாம். நிலம் பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புதிய கண்ணாடி போட்ட பிறகு அதே மூலையில் மீண்டும் வெடித்தால், கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். சுவரையும் நிலத்தையும் பாருங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் மலைகள் சரிந்தன. முன்னடையாளம் ஒன்றைக் கண்டு விலகுவது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

4. ஒரு ஜன்னல் உடைந்தால் கூரைக்கு என்ன?

மணிக்கு 72 கிலோமீற்றர் காற்று நேராக மோதினால், ஒவ்வொரு சதுர மீற்றரையும் சுமார் 25 கிலோ பாரம்போல் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளல் நான்கு மடங்காகும்.

காற்றுப் பக்கத்து ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். வெளியே ஓடும் காற்று அதே கூரையை மேலே இழுக்கும். 1974 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரைச் சூறாவளி அழித்தபோது பல வீடுகள் இப்படிக் கூரையை இழந்தன. தகரக் கூரைக்குக் கீழே வாழும் நாமும் இதை மனதில் வைக்க வேண்டும்.

சிவனொளிபாதமலை சீசன் வெசாக்கோடு முடிகிறது. தென்மேல் பருவக்காற்றும் அதையொட்டியே தொடங்கும். அதற்கு முன் ஜன்னலைச் சரிசெய்துவிடுங்கள்.

5. மாற்றும்போது

• முதலில் கைப்பேசியில் படம் எடுத்துச் சேதத்தைப் பதிவு செய்யுங்கள். உதவி கேட்கும்போது தேவைப்படும்.

• மூடிய செருப்பு அணிந்து, கையில் தடித்த சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெளியே நிறுத்துங்கள்.

• கண்ணாடியைச் சட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் சுமார் 3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஆணி கண்ணாடியை நெருக்கக் கூடாது. புட்டியை எல்லாப் பக்கமும் சீராக வையுங்கள்.

• ஓரம் சிதைந்த கண்ணாடியை மலிவு என்று வாங்காதீர்கள். பெரிய ஒற்றைக் கண்ணாடியைவிட, நடுவே சட்டம் வைத்த சிறிய கண்ணாடிகள் காற்றை நன்றாகத் தாங்கும்.

• டேப் ஒட்டுவதால் கண்ணாடி பலப்படாது. கண்ணாடி வாங்க வசதி வரும்வரை பலகை அடித்து மூடுங்கள்.

• உடைந்த துண்டுகளைக் கானிலோ தேயிலைச் செடிக்கு அடியிலோ போடாதீர்கள். நாளை கொழுந்து பறிக்க அந்த வழியே வரும் ஒருவரின் பாதம் கிழியும். பத்திரிகைத் தாளில் சுற்றித் தகர டின்னில் போட்டு, அடையாளம் எழுதி ஒப்படையுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் வெடித்த கண்ணாடி உண்டா? வெடிப்பு எங்கே தொடங்குகிறது?

2. உங்கள் லயத்தில் காற்று முதலில் மோதும் ஜன்னல் எது? அதன் ஓரங்கள் எப்படி இருக்கின்றன?

3. தனியாக இருக்கும் பாட்டி, தாத்தா வீட்டு ஜன்னலை யார் போய்ப் பார்ப்பது? இன்றே ஒருவரைத் தீர்மானியுங்கள்.