மழைமானியும் நீர்ப்பம்பியும் ஒருங்கே இயங்கும் முறை

மழையின் அளவை அறிதல் கமக்காரருக்கு விதையின் தரத்தை அறிதல் போன்றே இன்றியமையாததாகும். கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் உள்ள அலவத்துகொட போன்ற மலைநாட்டுப் பகுதிகளில் மழை பயிரை மட்டுமன்றி உயிரையும் பொறுத்ததாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைப் பலிகொண்டன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன.

தானியங்கி மழைமானி, மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி, நீர்ப்பம்பி ஆகியன இப்பொழுது கணினி வலையமைப்பால் இணைக்கப்படுகின்றன. கருவிகள் சிறந்தனவாயினும் அவற்றை இணைக்கும் மென்பொருளின் அமைப்பு குறையுடையதாயின், தேவையான வேளையில் அவை பயன்படா.

நான்கு அடுக்குகள்

அமுனை, தலைவாய்க்கால், கிளைவாய்க்கால், வயல் என நீர்ப்பாசனம் பகுக்கப்பட்டிருத்தல் போல, இவ்வமைப்பும் நான்கு அடுக்குகளை உடையது. முதலாவது, வயலில் நிற்கும் உணரி. இரண்டாவது, அண்மையிலுள்ள உணரிகளின் செய்திகளைத் திரட்டும் இடைநிலைக் கருவி. மூன்றாவது, செய்திகளைச் சேமித்து ஆராயும் தொலைவிலுள்ள கணினி. நான்காவது, கமக்காரரின் கைத்தொலைபேசி. விதையினத்தை மாற்றுவதற்காக வாய்க்காலை இடித்துக் கட்டுவதில்லை. அவ்வாறே ஓர் அடுக்கிலுள்ள கருவியை மாற்றும்போது ஏனைய அடுக்குகள் பாதிக்கப்படாதிருத்தல் வேண்டும்.

செய்தி செல்லும் விதம்

எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பதற்கென 1999 இல் அன்டி ஸ்டான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் எம்.கியூ.டி.டி. என்னும் செய்திமுறையை வகுத்தனர். இதில் உணரி தன் செய்தியைத் தரகுக் கணினி ஒன்றிற்கு அனுப்பும். அச்செய்தியை வேண்டுவோர் யாவரும் அங்கிருந்து பெறுவர். கருவியொன்றின் தொடர்பு அறுந்தால், அது முன்னரே ஒப்படைத்து வைத்த அறிவித்தலைத் தரகுக் கணினி ஏனையோர்க்கு வெளியிடும். இது பெரும் நன்மையாகும். மழைமானி மௌனமாயிருத்தலை மழையின்மை எனக் கொள்ளுதல் ஆபத்தானது.

24 மணித்தியாலக் கணக்கு

மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றராயின் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றராயின், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்யின், வெளியேறுதல் வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கையாளும் அளவுகள் இவை.

மென்பொருள் ஒவ்வொரு நள்ளிரவிலும் கணக்கைப் புதிதாகத் தொடங்குமாயின் பெருந்தவறு நேரும். நள்ளிரவுக்கு முன் 60 மில்லிமீற்றரும் பின் 60 மில்லிமீற்றரும் பெய்தால், எந்நாளின் கணக்கும் 75 ஐ எட்டாது. உண்மையிலோ பெய்த மழை 120 மில்லிமீற்றர். ஆகையால் எவ்வேளையிலும் அதற்கு முந்திய 24 மணித்தியால மழையையே கூட்டுதல் வேண்டும்.

தீர்மானம் அண்மையில் இருத்தல்

எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும் தீர்மானம் தொலைவிலுள்ள கணினியிடம் மட்டும் இருப்பின், தொடர்பு அறுந்த இரவில் மணி ஒலிக்காது. எனவே அத்தீர்மானத்தை ஊரிலுள்ள இடைநிலைக் கருவியே செய்யுமாறு மென்பொருளை அமைத்தல் வேண்டும். அனுப்ப இயலாத அளவுகளை அக்கருவி நேரங்குறித்துச் சேமித்து, தொடர்பு மீண்டதும் அனுப்புதல் வேண்டும். அவ்வாறே நீர்ப்பம்பியும், நிறுத்தும் கட்டளை வராதுபோயினும், குறித்த நேரம் முடிந்ததும் தானே நிற்றல் வேண்டும். இன்றேல் மரக்கறிப் பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகும்.

கருவி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. தொடர்பு அறுந்தபோதும் மணியும் பம்பியும் முறைப்படி இயங்குகின்றனவா எனச் சோதித்தல்.
2. மின்சாரம் இல்லாதபோது மின்கலம் எத்தனை நாள் நிலைக்கும் எனக் கேட்டறிதல்.
3. குன்றுகள் வானொலி அலையை மறைக்கக்கூடுமாதலால், கருவி நிற்கும் இடத்திலிருந்தே செய்தி சென்றடைகிறதா எனப் பார்த்தல்.
4. பிறிதொரு கம்பனியின் உணரியையும் இணைக்க இயலுமா என விசாரித்தல்.
5. கையால் அளக்கும் மழைமானி ஒன்றையும் வைத்து, இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டு வருதல்.

நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றினாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும், கருவியின் மணிக்குக் காத்திராது உடனே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுதல் வேண்டும்.