தலைகீழாகத் தொங்கவிட்டால் உயிர் திரும்புமா?

வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், அடுத்த சில நாளில் கல்லணையும் திறக்கும். காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரிந்து ஓடத் தொடங்கியதுமே ‘ஆற்றில் மூழ்கி மாணவர் பலி’ என்ற செய்தியும் வரத் தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கு வரை அது ஓயாது. நடவு சூடுபிடிக்கும் அதே நாட்களில்தான் ஈரக்கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டவர்களைப் பற்றியும் படிக்கிறோம். இருவருக்கும் முடிவில் நடப்பது ஒன்றுதான். இதயம் நிற்கிறது, மூளைக்கு ரத்தம் போவதில்லை. நான்கு, ஆறு நிமிடத்துக்குள் மூளை சேதமாகத் தொடங்குகிறது. அந்த நிமிடங்களில் கூடி நிற்பவர்கள் எதை நம்பிச் செயல்படுகிறார்கள் என்பதுதான் பிழைப்பதையும் சாவதையும் தீர்மானிக்கிறது.

“தண்ணி குடிச்சிட்டான், முதல்ல அதை வெளியே எடுங்க!”

படித்துறையில் முதலில் எழும் குரல் இது. உடனே பையனைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் வயிறு படும்படி போட்டு உருட்டுவார்கள். வண்டிச் சக்கரத்தில் கட்டிச் சுற்றிய காலமும் உண்டு. வாய்வழியே தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு நம்பிக்கை வந்துவிடும். ஆனால் கொட்டுவது வயிற்றில் இருந்த தண்ணீர். மூழ்கியவரின் நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் பொதுவாகக் கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதி சீக்கிரமே ரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றை அமுக்கும்போது மேலே வரும் தண்ணீரும் சோறும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, இருக்கும் வழியையும் அடைத்துவிடுகின்றன.

மூழ்கியவருக்கு வேண்டியது காற்று. இவர்களுக்கு இதயம் நிற்பதே மூச்சு நின்று ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தான். ஆகவே கரையேற்றியதும் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி இரண்டு முதல் ஐந்து முறை ஊத வேண்டும். அதன்பின் நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கரைக்கு வந்தபின் வீணாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் பையன் இன்னும் மூழ்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

“கரண்ட் அடிச்ச உடம்பைத் தொட்டா நமக்கும் அடிக்கும்.”

கம்பியோடு தொடர்பு இருக்கும்வரை இது உண்மை. மெயினை அணைத்தபிறகு உண்மையல்ல; உடம்பில் மின்சாரம் தங்காது. மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டுத் தாராளமாகத் தொடலாம். உள்ளங்கை, பாதங்களைத் தேய்ப்பதாலும் மணலில் புதைத்து வைப்பதாலும் எந்தப் பயனும் இல்லை. உயர் அழுத்தக் கம்பி மட்டும் வேறு கதை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் அப்படியொரு கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த வகைக் கம்பி என்றால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொல்லும்வரை மூங்கில் கழியோடும் கிட்டே போகக் கூடாது.

மின்சாரம் பாய்ந்த இதயம் பெரும்பாலும் நல்ல இதயம். தாறுமாறாக நடுங்கி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் நின்றிருக்கும். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறை உருவானதற்கும் மின் ஊழியர்களின் சாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்க வழி தேடி அமெரிக்க மின் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதை நடத்திய கௌவன்ஹோவன் மருத்துவர் அல்ல, மின்பொறியாளர். அவருடைய குழுவில் இருந்த நிக்கர்பாக்கர், நாயின் நெஞ்சில் ஷாக் கருவியின் தகடுகளை அழுத்தி வைக்கும்போதே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜூடும் சேர்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், இரண்டு கை போதும் என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். நம் ஊர் லைன்மேன் ஒவ்வொருவருக்கும் இந்த வரலாறும், அதைவிட முக்கியமாக இந்தப் பயிற்சியும் தெரிந்திருக்க வேண்டும்.

“மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு, பைக்கில் தூக்கிப் போடு.”

இதயம் நின்றபின்னும் சிலர் ஒன்றிரண்டு நிமிடம் வாயைத் திறந்து, இடைவெளி விட்டு விட்டு, குறட்டைபோல மூச்சை இழுப்பார்கள். பார்ப்பவர்கள் அதை உயிர் மூச்சு என்றே நினைக்கிறார்கள். அது மூளைத்தண்டின் கடைசி முயற்சி. அந்தக் காற்றால் பயனில்லை. தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு நடுவே பைக்கில் உட்காரவைத்து ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு போகும் நேரம் முழுவதும் மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம் போகாது. நெஞ்சை அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைகிறது. 108ஐக் கூப்பிட்டு, செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே தொடங்க வேண்டும்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தால் தரைக்கு இறக்குங்கள். கயிறு தொய்ந்தால் அழுத்தம் நெஞ்சுக்குப் போகாது. நடு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் இறங்கும்படி அழுத்த வேண்டும். ஆழம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு உடையாதா? உடையலாம். உடைந்த எலும்பு கூடிவிடும். வாயில் ஊதத் தயங்குகிறவர்களுக்காக, அழுத்தம் மட்டும் கொடுக்கும் எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் முயற்சியில் உருவான இந்திய உயிர்மீட்புக் குழு 2017இல் வகுத்துத் தந்திருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திடீரென்று சரிந்த பெரியவருக்கு அது போதும்.

டெல்டாவுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை தூக்காது, கண் நிலைகுத்திவிடும், மூச்சு நிற்கும்; ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம், நினைவுகூட இருக்கலாம். ‘போய்விட்டார்’ என்று சேலை போர்த்திவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாயில் ஊதிக்கொண்டே இருந்தால், வென்டிலேட்டரில் வைத்து மீட்டுவிட முடியும்.

“ஐஸ் வைத்தால் மூளை தப்பிக்கும்.”

படித்தவர்களிடையே பரவியிருக்கும் நம்பிக்கை இது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஸ்வீடன் நாட்டுப் பயிற்சி மருத்துவர் ஒருவர், உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய நிலையில் மீட்கப்பட்டுப் பிழைத்தார். இதயம் நிற்குமுன்பே அவர் உடம்பு உறைகுளிருக்குப் போய்விட்டது. காவிரித் தண்ணீர் எந்த மாதத்திலும் அந்தக் காவலைத் தராது.

ஐரோப்பாவிலும் மெல்போர்னிலும் நடந்து 2002இல் வெளிவந்த இரு ஆய்வுகள், இதயம் மீண்டும் துடித்தபின் மயக்கத்தில் கிடந்தவர்களை 32 முதல் 34 டிகிரிக்குக் குளிர்வித்தால் மூளை நன்றாகத் தேறுகிறது என்று சொல்லின. உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதைப் பின்பற்றின. ஆனால் இரண்டு ஆய்விலும் நோயாளிகள் குறைவு. மெல்போர்னில் 77 பேர்தான். 2013இல் 939 பேரிடம் 33 டிகிரியையும் 36ஐயும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. 2021இல் 1,861 பேரை எடுத்துக்கொண்டு 33 டிகிரியையும், காய்ச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்வதையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருந்தார்கள். குளிர்வித்தவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு கூடுதலாக இருந்தது. ஆம்புலன்ஸிலேயே குளிர்ந்த சலைன் ஏற்றிப் பார்த்த 2014ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலும் பயன் இல்லை. இதயம் மறுபடி நிற்பதுதான் அதிகமாயிற்று. சில வகை நோயாளிகளுக்குக் குளிர்வித்தல் உதவலாம் என்று 2019ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியதால் விவாதம் முற்றிலும் முடியவில்லை. இன்று எல்லாரும் ஒப்புக்கொள்வது, உயிர் மீண்டவருக்குக் காய்ச்சல் வரவே விடக்கூடாது என்பதை. அது தெர்மாமீட்டரும் நர்ஸும் உள்ள வார்டில் நடக்க வேண்டிய வேலை, தெருவில் ஐஸ் கட்டியால் நடப்பதல்ல.

பிறந்ததும் மூச்சுத் திணறி மூளை பாதித்த சிசுக்களைக் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் பலன் தந்த சிகிச்சை. அதே சிகிச்சையைச் சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தன. அங்கே பலித்தது இங்கே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று தேவையில்லை. அழாத குழந்தையின் முகத்தில் ஜில்லென்ற தண்ணீர் தெளிக்கும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உடம்பைத் துடைத்து, கதகதப்பாக வைத்து, முதல் நிமிடத்துக்குள் காற்று கொடுப்பதுதான் அந்தக் குழந்தைக்குத் தேவை.

ஆடிப்பெருக்குக்குப் படித்துறைகளில் பந்தலும் மைக்கும் போடும் ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ 108 ஊழியர்களிலிருந்தோ ஒருவரை அழைத்து, ஊரில் நீச்சல் தெரிந்த இளைஞர்களையும் மோட்டார் வைத்திருப்பவர்களையும் உட்காரவைத்து, நெஞ்சழுத்தமும் வாய்மூச்சும் கற்றுக்கொடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.